மெஷின் ‘லைன் இல்லை’ என்றால் பணம் எங்கே நிற்கிறது?

கடை முகப்பிலுள்ள அட்டை இயந்திரம்: சந்தேகங்களும் விளக்கங்களும்

ஜொகூரில் குளுவாங்குக்கும் கூலாய்க்கும் நடுவே, ரயில் பாதையை ஒட்டி இருக்கும் சிற்றூர் லாயாங் லாயாங். சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள். பல ஆண்டுகளாக இங்கே கொடுக்கல் வாங்கல் எல்லாம் கைக்காசும் கடன் புத்தகமும்தான். 2025இல் இரண்டு காரியங்கள் நடந்தன. ஆகஸ்டு 31 முதல், 18 வயது நிறைந்த எல்லாக் குடிமக்களுக்கும் 100 ரிங்கிட் சாரா உதவி அடையாள அட்டையான மைகார்டு வழியாகக் கிடைத்தது. அடுத்த மாதம் 30ஆம் தேதி முதல், புடி95 திட்டத்தில் பெட்ரோலை லிட்டர் 1 ரிங்கிட் 99 சென்னுக்கு ஊற்ற, மைகார்டை இயந்திரத்தில் செருகவேண்டி வந்தது. வங்கி அட்டையையே தொட்டறியாத பாட்டிமார்கூட அந்தச் சின்னப் பெட்டி என்ன பதில் சொல்லப்போகிறதோ என்று காத்து நின்றார்கள்.

அந்தப் பெட்டி யாரிடம் பேசுகிறது, எந்த வழியாகப் பேசுகிறது, பேச்சு பாதியில் அறுந்தால் நம் காசுக்கு என்ன ஆகிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் இனி கடை நடத்தவும் முடியாது, சாமான் வாங்கவும் முடியாது. மக்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளையே எடுத்துக்கொள்வோம்.

மைகார்டுக்குள்ளே 100 வெள்ளி இருக்கிறதா? கார்டு தொலைந்தால் பணமும் போய்விடுமா?

போகாது. சாரா பணம் மைகார்டின் சில்லுக்குள் இல்லை. சாரா உதவியைக் கையாளும் மைகாசே கட்டமைப்பின் கணினியில் உங்கள் அடையாள அட்டை எண்ணின் பேரில் ஒரு கணக்கு இருக்கிறது. பணம் அங்கே நிற்கிறது. ‘இந்த எண்ணுக்கு உரியவர் வந்திருக்கிறார்’ என்று அந்தக் கணினிக்குக் காட்டுவது மட்டும்தான் கார்டின் வேலை. கார்டு தொலைந்தால் பதிவிலாகாவில் புதிது எடுங்கள். மீதித்தொகை அப்படியே இருக்கும்.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு நியாயமான காரணம் உண்டு. சிம்பாங் ரெங்கம் டோலில் டச் அண்ட் கோ கார்டைத் தொடுகிறீர்கள் அல்லவா? அந்தக் கார்டில் மீதித்தொகை சில்லிலேயே எழுதப்பட்டிருக்கிறது. டோல் சாவடி எங்கேயும் கேட்டுக்கொண்டிருக்காமல் சில்லிலிருந்தே கழித்துவிடும். அதனால்தான் நொடியில் தடுப்பு திறக்கிறது. அந்தக் கார்டு தொலைந்தால் பணத்தைத் திரும்பப் பெறுவதும் கடினம். 2001இல் மைகார்டு அறிமுகமானபோது அதிலும் டச் அண்ட் கோ வசதி சேர்க்கப்பட்டிருந்ததால், ‘பணம் கார்டுக்குள்தான்’ என்ற எண்ணம் பலருக்கு ஊறிப்போயிருக்கிறது. சாரா, புடி95, வங்கி அட்டை மூன்றும் வேறு வகை. கேட்டுப் பதில் வாங்கினால்தான் காரியம் நடக்கும். அதனால் அவற்றுக்கு எப்போதும் லைன் வேண்டும்.

அட்டையைச் செருகியதும் மெஷின் யாரிடம் பேசுகிறது?

வங்கி அட்டையை எடுத்துக்கொள்வோம். கடைக்காரருக்கு இயந்திரம் கொடுத்த வங்கியிடம்தான் முதல் பேச்சு. ‘இந்தக் கடை, இந்த இயந்திரம், இத்தனையாவது பரிமாற்றம், இந்த அட்டை, 36 ரிங்கிட் 50 சென்; கொடுக்கலாமா?’ என்று ஒரு குறுஞ்செய்தி போகிறது. அந்த வங்கி, அட்டை எந்த வலையமைப்பைச் சேர்ந்தது என்று பார்க்கும். மைடெபிட் என்றால் பேநெட் நிறுவனத்தின் மையத்துக்கு அனுப்பும்; மற்றவை விசா அல்லது மாஸ்டர்கார்டு மையத்துக்குப் போகும். அங்கிருந்து உங்களுக்கு அட்டை கொடுத்த வங்கிக்குக் கேள்வி போய்ச் சேரும். அந்த வங்கி கணக்கைப் பார்த்து ‘சரி’ அல்லது ‘முடியாது’ என்கிறது. பதில் வந்த வழியே திரும்புகிறது. லாயாங் லாயாங்கில் தொடங்கிய கேள்வி நாலைந்து பெரிய கணினிகளைத் தொட்டுவிட்டுத் திரும்புவதற்குள் நீங்கள் பையை எடுத்துத் தோளில் மாட்டியிருப்பீர்கள்.

பேநெட் என்பது 2017இல் மைக்ளியர், மெப்ஸ் என்ற இரண்டு நிறுவனங்கள் இணைந்து உருவானது; பேங்க் நெகாராவும் உள்நாட்டு வங்கிகளும் அதன் பங்குதாரர்கள்.

சாரா பரிமாற்றத்தில் கூடுதலாக ஒரு படி உண்டு. வாங்கும் பொருள் அனுமதிக்கப்பட்ட வகையைச் சேர்ந்ததா என்பதும் பார் கோடு மூலம் சரிபார்க்கப்படுகிறது. அரிசி, முட்டை, மருந்து, பள்ளிப் பொருள் என்று வகைகள் குறிக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே வெறும் அட்டை இயந்திரம் போதாது, கல்லாவும் கணினியாக இருக்கவேண்டும். தோட்டத்துச் சின்னக் கடைகள் பல இந்தத் திட்டத்தில் சேரச் சிரமப்படுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். உலு ரெமிஸ் போன்ற தோட்டப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் 100 ரிங்கிட் சாமானுக்காக டவுனுக்கோ குளுவாங்குக்கோ போகவேண்டியிருந்தால், உதவியின் ஒரு பங்கு பயணத்திலேயே கரைகிறது. திட்டம் வகுப்பவர்கள் இதைக் கணக்கில் எடுக்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முன்பெல்லாம் டெலிபோன் லைனில் ‘கீ’ என்று சத்தம் போட்டு வேலை செய்ததே, அதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

அடிப்படையிலேயே வேறுபாடு. அப்போதைய இயந்திரம் ஒவ்வொரு தடவையும் வங்கிக்குப் போன் போட்டது. நம்பர் சுழற்றி, மறுமுனை எடுத்து, இரண்டும் சத்தத்தால் ஒன்றையொன்று அடையாளம் கண்டு, பிறகு செய்தி. செய்தி போக ஒன்றிரண்டு நொடிதான். மீதி நேரமெல்லாம் அழைப்பை ஏற்படுத்துவதிலேயே போனது. அதனால் அந்த இயந்திரங்களில் நொடிக்கு 1200 பிட் என்ற மெதுவான மோடத்தை வேண்டுமென்றே வைத்திருந்தார்கள். வேகமான மோடங்களுக்குப் பரஸ்பர அறிமுகத்துக்கே அதிக நேரம் பிடிக்கும். மெதுவானது சட்டென்று சேர்ந்துவிடும். அனுப்பவேண்டியதோ சில நூறு எழுத்துகள்தான்.

போன் அழைப்பு என்பது ஒரு மூட்டை அனுப்ப ஒரு லாரியையே வாடகைக்குப் பிடிப்பது மாதிரி. நீங்கள் பேசாமல் இருக்கும் நேரத்திலும் அந்தக் கம்பி உங்களுக்கே கட்டுப்பட்டுக் கிடக்கும். பொட்டல வலையமைப்பு அப்படி இல்லை. செய்திகளைச் சிறு பொட்டலங்களாகக் கட்டி, ஒவ்வொன்றின் மேலும் முகவரி எழுதி, ஒரே பாதையில் ஆயிரம் பேருடைய பொட்டலங்களைக் கலந்து அனுப்பும். இதற்கான எக்ஸ்.25 என்ற உலகத் தர விதி 1976இல் வெளியானது. அதன் அடிப்படையில் டெலிகாம் மலேசியா மேபாக் என்ற பொதுச் சேவையை நடத்தியது. நம் இயந்திரங்கள் பேசிய கதையில் இது அதிகம் பேசப்படாத ஒரு பக்கம். கடையிலிருந்து அருகிலுள்ள சேர்ப்பு நிலையம் வரை போன் அழைப்பு. அங்கே பல கடைகளின் அழைப்புகளை ஒன்றுதிரட்டும் கருவி ஒன்று செய்திகளைப் பொட்டலமாக்கும். அங்கிருந்து வங்கியின் கணினி வரை பொட்டலப் பாதை. பாதித் தூரம் லாரி, பாதித் தூரம் பொதுப் பாதை என்றிருந்த காலம் அது.

பிறகு ஜிபிஆர்எஸ் வந்தது. சிம் கார்டு போட்ட இயந்திரம் கடையிலிருந்தே பொட்டலமாக அனுப்பத் தொடங்கியது. பிறகு இணையம், வைஃபை, 4ஜி. பாதைகள் மாறினாலும் செய்தியின் வடிவம் பெரும்பாலும் மாறவில்லை. ஐஎஸ்ஓ 8583 என்ற 1987ஆம் ஆண்டு விதியின் சாயலில்தான் இன்றும் பெரும்பாலான அட்டை இயந்திரங்கள் கேட்கின்றன. 2021 முடிவில் நாட்டில் 3ஜி நிறுத்தப்பட்டபோது, அதை மட்டுமே நம்பியிருந்த கருவிகள் ஊமையாயின. யாராவது பழைய மெஷின் ஒன்றை மலிவாகத் தருவதாகச் சொன்னால், அது 4ஜியில் இயங்குமா என்று முதலில் கேளுங்கள்.

கடையில் வேகமான ஃபைபர் போட்டிருக்கிறேன். வீடியோ நன்றாக ஓடுகிறது. மெஷின் மட்டும் ஏன் திணறுகிறது?

ஒரு பரிமாற்றத்தின் செய்தி சில நூறு பைட்டுகள். வாட்ஸ்அப்பில் வரும் காலை வணக்கப் படம் அதைப் போல நூறு மடங்குக்கும் மேல் பெரியது. எனவே 100 எம்பி வேகமா, 500 எம்பி வேகமா என்பது மெஷினுக்கு ஒரு பொருட்டே இல்லை. அதற்கு வேண்டியது நிதானமான, அறுபடாத பாதை. வீடியோ முன்கூட்டியே கொஞ்சம் சேமித்துக்கொள்ளும். நடுவில் 3 நொடி லைன் போனால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. அட்டை இயந்திரத்துக்கு அந்த 3 நொடிதான் உயிர்.

நான் பார்த்தவரை, சிறு கடைகளில் குற்றவாளி பெரும்பாலும் வைஃபைதான். ரூட்டர் பின்னறையில், அரிசி மூட்டைகளுக்கும் குளிர்பதனப் பெட்டிக்கும் பின்னால் இருக்கும். மெஷின் முன் மேசையில். நடுவில் சுவரும் இரும்பு அலமாரியும். அதோடு வாடிக்கையாளர்களுக்கும் அதே வைஃபையைத் திறந்துவிட்டிருப்பார்கள். ரூட்டரை முன்பக்கம் கொண்டுவருவதும், மெஷினுக்கென்று தனி வைஃபை பெயர் வைப்பதும் காசு செலவில்லாத வைத்தியம். கம்பி செருகும் வசதி மெஷினில் இருந்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை.

லைன் நன்றாக இருந்தும் மெஷின் மறுப்பது உண்டு. இயந்திரமும் வங்கியும் மறைகுறியாக்கிய பாதையில் பேசுவதால், முதலில் ஒன்றையொன்று சான்றிதழ் காட்டிச் சரிபார்க்கின்றன. இயந்திரத்தின் தேதி தவறாக இருந்தாலோ, மென்பொருள் பழையதாக இருந்தாலோ அங்கேயே நின்றுவிடும். 2022 மே மாதம் ஜெர்மனி முழுக்க ஒரே மாதிரியைச் சேர்ந்த அட்டை இயந்திரங்கள் மென்பொருள் கோளாறால் செயலிழந்து, பெரிய கடைகளே நாட்கணக்கில் கைக்காசு மட்டும் வாங்கின. ஆகவே இரவில் மெஷின் ‘அப்டேட்’ கேட்டால் சலிப்படையாமல் விட்டுவிடுங்கள்.

ஆகஸ்டு 31 அன்று சாரா பணம் வரவே இல்லையே, நம்ம ஊர் லைன் கோளாறா?

இல்லை. அன்று நாடு முழுவதும் இரண்டு கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரே நாளில் உதவி திறந்துவிடப்பட்டது. அதுவும் தேசிய தின விடுமுறை. எல்லோரும் ஒரே நேரத்தில் கடைக்குப் போனதால் மையக் கட்டமைப்பு நெரிசலில் சிக்கியது. கடையின் லைன் சரியாக இருந்தது; கேள்வியும் போய்ச் சேர்ந்தது; பதில் சொல்லவேண்டிய கணினிதான் மூச்சுத் திணறியது. வரிசையில் மணிக்கணக்கில் நின்ற முதியவர்களுக்கு இந்த வேறுபாட்டை யாராவது எடுத்துச் சொல்லியிருந்தால், கடைக்காரரிடம் கோபப்பட்டிருக்க மாட்டார்கள். அந்தப் பணத்துக்கு டிசம்பர் 31 வரை கெடு இருந்தது என்பதும் பலருக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. அடுத்த முறை இத்தகைய உதவி அறிவிக்கப்படும்போது, முதல் நாள் போகாதீர்கள். நாலாம் நாள் போங்கள்.

லைன் நடுவில் அறுந்துவிட்டது. பணம் கழிந்ததாக வங்கியிலிருந்து மெசேஜ் வந்துவிட்டது. கடைக்காரரோ வரவில்லை என்கிறார். யார் சொல்வது உண்மை?

இரண்டு பேர் சொல்வதும் உண்மை. இந்தக் கேள்விதான் எல்லாவற்றுக்கும் மையம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மெஷின் கேள்வி அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறது. பதில் வரவில்லை. மெஷினின் பக்கத்திலிருந்து பார்த்தால் இரண்டு சாத்தியம்: கேள்வியே போய்ச் சேராமல் வழியில் விழுந்திருக்கலாம், அல்லது கேள்வி சேர்ந்து, வங்கி பணத்தைக் கழித்து, ‘சரி’ என்ற பதில் திரும்பும் வழியில் விழுந்திருக்கலாம். மெஷினால் இரண்டையும் வேறுபடுத்தவே முடியாது. பதில் வராத மௌனம் இரண்டிலும் ஒன்றுதான்.

இதற்குப் பொறியாளர்கள் கண்ட வழி எளிமையானது. குறிப்பிட்ட நேரத்துக்குள் பதில் வராவிட்டால் மெஷின் அந்தப் பரிமாற்றம் தோற்றதாகவே வைத்துக்கொள்ளும். உடனே தன் நினைவில் ஒரு ரத்துச் செய்தியை எழுதி வைக்கும்: ‘நான் கேட்ட இன்ன எண்ணுள்ள பரிமாற்றத்தை, ஒருவேளை நீங்கள் ஏற்றிருந்தால், திருப்பிவிடுங்கள்.’ லைன் திரும்பியதும் அடுத்த வாடிக்கையாளரின் கேள்விக்கு முன்பாக இந்த ரத்து முதலில் போகும். ‘பெற்றேன்’ என்ற பதில் கிடைக்கும்வரை மெஷின் அதை விடாமல் அனுப்பும். ரத்து போய்ச் சேர்ந்ததும் உங்கள் பணம் கணக்குக்குத் திரும்பும். பல நேரம் நிமிடங்களில் நடக்கும். சில நேரம் வங்கிகள் ஒன்றோடொன்று கணக்கு ஒப்பிடும்வரை சில வேலை நாள் பிடிக்கும்.

இதிலிருந்து கடைக்காரர் செய்யக்கூடாத ஒரு காரியம் தெரிகிறது. பதில் வராமல் மெஷின் நின்றதும் கோபத்தில் அணைத்து, டிராயரில் போட்டுவிட்டு, ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்று விடுவது. ரத்துச் செய்தி அந்த மெஷினுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். வாடிக்கையாளரின் பணம் அந்தரத்தில் தொங்கும். மெஷினைத் திறந்தே வையுங்கள். லைன் வந்ததும் கடைசிப் பரிமாற்றத்தின் ரசீதை மறுபடி அச்சிட்டுப் பாருங்கள். ஒப்புதல் எண்ணோடு ‘அப்ரூவ்ட்’ என்றிருந்தால் பணம் உங்களுக்குத்தான். இல்லாவிட்டால் பரிமாற்றம் நடக்கவில்லை.

வாங்குபவருக்கு ஒரு சொல்: “அண்ணே, எனக்கு மெசேஜ் வந்திருச்சு” என்று சொல்லிச் சாமானை எடுத்துக்கொண்டு கிளம்புவது சரியில்லை. அந்தப் பணம் உங்கள் கணக்குக்கே திரும்பிவிடும். நஷ்டம் கடைக்காரர் தலையில் விழும். அதேபோல் “இன்னொரு தரம் போடுங்கக்கா” என்று கடைக்காரர் அவசரப்படுவதும் சரியில்லை. மாதக் கடைசியில் கணக்கில் 60 வெள்ளி மட்டுமே வைத்திருக்கும் ஒருவருக்கு, இரண்டு முறை 40 வெள்ளி பிடிபட்டால் அன்றைய சாப்பாடே கேள்விக்குறி. முதலில் பழைய பரிமாற்றத்தின் நிலையைப் பாருங்கள், பிறகு கைக்காசு வாங்குங்கள், அல்லது பேரைக் குறித்துவைத்துச் சாமானைக் கொடுத்தனுப்புங்கள். கடன் புத்தகம் அறிந்த நம் கடைக்காரர்களுக்கு இது புதிதல்ல.

‘டிக்லைண்ட்’ என்று வந்தால் கணக்கில் காசு இல்லை என்றுதானே பொருள்?

பல பொருள் உண்டு. பதிலோடு ஈரிலக்க எண் ஒன்றும் வரும். 00 என்றால் ஏற்பு. 51 என்றால்தான் போதிய பணம் இல்லை. 55 ரகசிய எண் தவறு. 54 அட்டை காலாவதி. 91 என்றால் அட்டை கொடுத்த வங்கியின் கணினியைத் தொடர்புகொள்ள முடியவில்லை; அட்டைக்காரர் மேல் எந்தக் குறையும் இல்லை. 05 என்பது காரணம் சொல்லாத மறுப்பு. எண்ணைக் காட்டாமல் வாசகம் மட்டும் காட்டும் மெஷின்களும் உண்டு.

வரிசையில் பத்துப் பேர் நிற்க, “கார்டில் காசு இல்லை” என்று உரக்கச் சொல்லும் கடை ஊழியர்களிடம் ஒரு வேண்டுகோள்: அப்படிச் சொல்லாதீர்கள். உங்களுக்கும் அது தெரியாது. “பதில் வரலைங்க, வேறு வழியில் கட்டுறீங்களா?” என்றால் போதும். ஒருவருடைய மானம் அதில் இருக்கிறது.

மெஷின் ஓடாதபோது கியூஆர் மட்டும் எப்படி ஓடுகிறது?

பாதை வேறு என்பதால். கடையில் ஒட்டியிருக்கும் டுயிட்நாவ் கியூஆர் அட்டை வெறும் காகிதம். அது யாரிடமும் பேசாது. அதைப் படிப்பதும் பணம் அனுப்புவதும் வாடிக்கையாளரின் கைத்தொலைபேசி. கடையின் லைன் செத்திருந்தாலும், அவர் போனில் லைன் இருந்தால் பணம் உங்கள் கணக்குக்கு வந்துவிடும். சிக்கல் என்னவென்றால், உங்கள் லைன் செத்திருப்பதால் வந்த சேதி உங்களுக்குத் தெரியாது. ‘இத்தனை ரிங்கிட் பெறப்பட்டது’ என்று குரல் கொடுக்கும் பெட்டியும் வாய் திறக்காது. இந்த இடைவெளியில்தான் போலித் திரைப்பிடிப்பைக் காட்டி ஏமாற்றுகிறார்கள். வாடிக்கையாளரின் திரையை ஆதாரமாக ஏற்காதீர்கள். உங்கள் சொந்தப் போனில், வேறு சிம்மில், வங்கிச் செயலியைத் திறந்து பாருங்கள்.

நடுவில் யாராவது என் எண்ணைப் பிடித்துவிட மாட்டார்களா?

போன் கம்பிக் காலத்தில் இந்தப் பயம் நியாயமானது. அட்டை விவரங்கள் மறைக்கப்படாமலே கம்பியில் போன காலம் உண்டு. கம்பியில் ஒட்டுக்கேட்டுப் போலி அட்டை அடித்த மோசடிகளால்தான் மறைகுறியாக்கம் கட்டாயமானது. நம் நாட்டு வங்கி அட்டைகள் 2005 வாக்கில் சில்லுக்கு மாறின. 2017 முதல் கையெழுத்துக்குப் பதில் ஆறிலக்க ரகசிய எண். சில்லு ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் ஒரு புதிய முத்திரையைக் கணக்கிட்டுத் தரும். நேற்றையதைத் திருடி இன்று பயன்படுத்த முடியாது. ரகசிய எண், விசைப்பலகைக்குள்ளேயே மறைகுறியாக்கப்பட்டுத்தான் வெளியே வரும்; கடைக்காரரோ இணைய நிறுவனமோ அதைப் பார்க்க வழியில்லை. மெஷினின் மூடியைத் திறந்தால் உள்ளே உள்ள திறவுகோல்கள் தாமாகவே அழிந்துபோகும்படி செய்திருக்கிறார்கள். ஆகவே திருகாணியைக் கழற்றி நீங்களே பழுது பார்க்க முயலாதீர்கள். பெட்டி அன்றோடு சரி.

250 ரிங்கிட்டுக்குள் தொட்டுக் கட்டும்போது பொதுவாக ரகசிய எண் கேட்காது. ஆகவே அட்டை தொலைந்தால் முதல் வேலை, வங்கிக்குச் சொல்வது.

இரண்டு சிம் போட்டுவிட்டேன். இனி கவலை இல்லைதானே?

ஓரளவுதான். இரண்டு சிம் என்பதால் இரண்டு பாதை இருப்பதாக ஆகிவிடாது. செல்கோமும் டிஜியும் 2022 இறுதியில் ஒரே நிறுவனமாகிவிட்டன. ஒரு சிம் செல்கோம், ஒரு சிம் டிஜி என்று வைத்திருந்தால், பெயர் இரண்டாக இருந்தாலும் வலையமைப்பு ஒன்றாகிவிட்டது. 5ஜியிலும் பல நிறுவனங்கள் ஒரே பொது வலையமைப்பைப் பகிர்ந்து வந்தன. இரண்டாவது வலையமைப்புக்கு யூ மொபைல் தேர்வு பெற்றதே 2024 நவம்பரில்தான். சிற்றூர்களில் வேறு வேறு நிறுவனங்கள் ஒரே கோபுரத்தில் ஏறி, அந்தக் கோபுரத்திலிருந்து ஒரே ஃபைபரில் வெளியேறுவதும் உண்டு. சாலை தோண்டும் இயந்திரம் அந்த ஒரு கம்பியை அறுத்தால் எல்லாப் பெயர்களும் ஒன்றாகச் சாயும்.

பெரிய நாடுகளும் இதைக் கவனிக்காமல் அடிபட்டிருக்கின்றன. 2022 ஜூலை 8 அன்று கனடாவில் ரோஜர்ஸ் என்ற தொலைத்தொடர்பு நிறுவனத்தின் வலையமைப்பு விழுந்தபோது, நாட்டின் பற்று அட்டைச் சேவையான இன்டராக் முழுவதுமாக நின்றது. அதன் பாதை அந்த ஒரு நிறுவனத்தையே நம்பியிருந்தது. 2018 ஜூன் 1 அன்று விசாவின் ஐரோப்பியத் தரவு மையத்தில் ஒரு சுவிட்ச் பாதி பழுதானது. முழுக்கப் பழுதாகியிருந்தால் மாற்றுக் கருவி உடனே ஏற்றிருக்கும். பாதி உயிரோடு இருந்ததால் மாற்று வேலை செய்யவில்லை. 52 லட்சம் பரிமாற்றங்கள் தோற்றன.

உங்கள் கடைக்கு என் யோசனை: ஒரு பாதை ஃபைபர், இன்னொன்று வேறு நிறுவனத்தின் 4ஜி சிம். வாங்கும் முன் அந்த சிம்மைப் போனில் போட்டுக் கல்லா இருக்கும் இடத்திலேயே நின்று சோதியுங்கள். செம்பனை அடர்ந்த இடங்களில் அலை வலு சில அடி தூரத்திலேயே மாறிவிடும். மாதம் ஒருமுறை ஃபைபர் கம்பியைக் கழற்றிவிட்டு, மெஷின் தானாக சிம்முக்கு மாறுகிறதா என்று பாருங்கள். சோதிக்காத மாற்று ஏற்பாடு, தேவைப்படும் நாளில் கைவிடும்.

கரண்டு போனால்?

பல மெஷின்களில் பேட்டரி உண்டு. ரூட்டரிலும் ஃபைபர் பெட்டியிலும் இல்லை. பழைய செம்புக் கம்பிப் போனுக்கு நிலையத்திலிருந்தே மின்சாரம் வந்தது, ஊரே இருண்டாலும் அழைப்பு போகும். ஃபைபர் வழியே ஒளிதான் வருகிறது, மின்சாரம் வராது. இந்த வசதியை நாம் இழந்துவிட்டோம் என்பதைப் பலர் கவனிக்கவில்லை. ரூட்டருக்கென்றே விற்கும் சிறிய பேட்டரிப் பெட்டி ஒன்றை வாங்கி வைத்தால் சில மணி நேரம் தாங்கும்.

வெள்ளம் வேறு விஷயம். 2006 டிசம்பரிலிருந்து 2007 ஜனவரி வரையிலும், மீண்டும் 2023 மார்ச்சிலும் ஜொகூரை மூழ்கடித்த வெள்ளத்தில் குளுவாங் மாவட்டமும் தப்பவில்லை. அப்படிப்பட்ட நாளில் கோபுரங்களின் பேட்டரியும் சில மணி நேரத்தில் தீரும்; எந்த மெஷினும் பேசாது. மழைக்காலத்தில் வீட்டில் இரண்டு வாரச் சாமானுக்கான கைக்காசு வைத்திருங்கள். கையில் காசே வேண்டாம் என்று மேடைகளில் பேசுகிறவர்கள் வெள்ளம் சூழ்ந்த தோட்ட லயத்தை நினைத்துப் பார்ப்பதில்லை.

இரவில் ‘செட்டில்மெண்ட்’ போடாவிட்டால் என்ன?

பகலில் கிடைப்பது ஒப்புதல் மட்டும். பல மெஷின்களில் நாள் முடிவில் மொத்தக் கணக்கை அனுப்பினால்தான் பணம் உங்கள் கணக்குக்கு நகரும். போடாமல் விட்டால் பணம் தாமதமாகும். வித்தியாசம் எங்கே என்று தேடுவதும் கடினமாகும். கடை அடைக்கும் முன் போட்டு, வந்த தாளைத் தேதிவாரியாகக் கட்டி வையுங்கள்.

பணம் திரும்பவே இல்லை. யாரிடம் போவது?

முதலில் உங்களுக்கு அட்டை கொடுத்த வங்கி. கடைக்காரர் என்றால் மெஷின் கொடுத்த வங்கி. வெறும் ‘பணம் போச்சு’ என்று சொன்னால் தேடுவது கடினம். தேதி, நேரம், தொகை, ரசீதிலுள்ள கடை எண், மெஷின் எண், பரிமாற்ற எண் ஆகியவற்றைக் கொடுங்கள். கோடிக்கணக்கான செய்திகளில் உங்களுடையதை இந்த எண்களை வைத்துத்தான் பிரித்தெடுப்பார்கள். தோற்ற பரிமாற்றத்துக்கும் ரசீது அச்சாகும். அதைக் கசக்கிப் போடாமல் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். வெப்பத் தாளில் அச்சான எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும்.

வங்கியின் பதிலில் திருப்தி இல்லையென்றால் பேங்க் நெகாராவின் 1-300-88-5465 என்ற எண்ணை அழைக்கலாம். 2025 ஜனவரி முதல் செயல்படும் நிதிச் சந்தை குறைதீர் அமைப்பிடமும் கட்டணமின்றிப் புகார் கொடுக்கலாம். மோசடி என்று சந்தேகம் வந்தால் மட்டும் வரிசைக்கிரமம் பார்க்கவேண்டாம், உடனே 997 என்ற எண்ணை அழையுங்கள்.